பக்கிங்காம் பிரபுவும் பறந்து போன தொப்பியும்

சென்னைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பறக்கும் ரயில் சேப்பாக்கத்தைத் தாண்டியதும் கை தானாகவே கைக்குட்டையைத் தேடும். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் எழுந்து, நின்றுகொண்டிருப்பவரிடம் 'நீங்க உக்காருங்க ஸார்' என்று இடம் கொடுப்பார். தியாகி என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள். கீழே கறுப்பாக ஒன்று ஓடுகிறது. (ஓடுகிறது என்பது மரியாதைக்குச் சொல்வது.) அதன் வாசனை ஜன்னல் சீட்டுக்குத்தான் முதல் டெலிவரி.

'அது என்னங்க?' என்று பக்கத்து சீட்காரரைக் கேட்டுப் பாருங்கள். 'கூவம்' என்பார். மூக்கைப் பொத்திக்கொண்டு சொல்வதால் 'கூவப்' என்று கேட்கும்.

கூவம் இல்லை ஸார். கூவம் ஒரு ஆறு. இது மனுஷன் வெட்டினது. பெயர் பக்கிங்காம் கால்வாய். ஆந்திராவில் பெத்தகஞ்சாம் என்ற ஊரில் ஆரம்பித்து, நெல்லூர் ஜில்லா வழியாக வந்து, சென்னையின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு, நம்ம மரக்காணம் வரைக்கும் போகிறது. மொத்தம் சுமார் 420 கிலோமீட்டர். ஆந்திராவில் 257, தமிழ்நாட்டில் 163. சென்னையில் பஸ் ஏறி இத்தனை தூரம் போனால் மதுரையை நெருங்கிவிடலாம். அவ்வளவு நீளத்துக்கு மண்வெட்டியும் கூடையும் வைத்துக்கொண்டு வெட்டியிருக்கிறார்கள்.

'இந்தக் கால்வாயில் குடும்பத்தோட படகு சவாரி போயிட்டு வந்தேன்' என்று நண்பர்களிடம் சொன்னேன். ஒருத்தன் 'தடுப்பூசி போட்டாச்சா?' என்றான். இன்னொருத்தன் ஒன்றுமே சொல்லாமல் நாற்காலியை இரண்டடி பின்னால் நகர்த்திக்கொண்டான்.

* * *

நடந்தது இதுதான்.

கோடை லீவு விட்டால் எங்கள் வீட்டில் பட்ஜெட் கூட்டத் தொடர் ஆரம்பமாகிவிடும். நிதி மந்திரி என் மனைவி. எதிர்க்கட்சி, அவள் தம்பி. சபாநாயகர் மாமனார். நான் பார்வையாளர் மாடம்.

"போட்டிங் போகணும்" என்றாள் மகள். இரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். ஆசைக்கு எல்லை இல்லாத வயசு.

"ஆலப்புழைக்குப் போய் ஹவுஸ்போட்ல ஒரு ராத்திரி தங்கலாமாங்க?" இது மனைவி.

"வெனிஸ் போலாம் மாமா. கண்டோலா படகுல உக்காந்து ஒரு ரீல்ஸ் போட்டா லைக்கு பிச்சுக்கும்" என்றான் மச்சினன். ஐ.டி. கம்பெனியில் இருக்கிறான். இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அதனால் வெனிஸ் பக்கத்து ஊர் மாதிரி தெரிகிறது.

"எதுக்கு அலைச்சல்? மொட்டை மாடியில பாயைப் போட்டா ஜிலுஜிலுன்னு காத்து" என்றார் மாமனார். செலவில்லாத ஒரே யோசனை அவருடையதுதான்.

நான் பி.காம். படித்தவன். பி.காம். படித்தவனுக்கு வேலை கிடைக்கிறதோ இல்லையோ, எதைப் பார்த்தாலும் பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம் என்று கோடு போடுகிற வியாதி வந்துவிடும். ஒரு பேப்பரை எடுத்துக் கோடு போட்டேன். வெனிஸுக்கு எழுத அந்தப் பேப்பரில் இடம் போதவில்லை. ஆலப்புழைக்கு இடம் இருந்தது. பேங்க்கில்தான் இல்லை.

"சரி, கால்வாய்தானே வேணும்? இருநூறு வருஷத்துக் கால்வாய் ஒண்ணு நம்ம ஊர்லயே இருக்கு. ஞாயித்துக்கிழமை காலைல கிளம்பினா மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிடலாம்" என்றேன்.

"எது, மந்தைவெளி ஸ்டேஷனுக்குக் கீழே இருக்கே, அதுவா?" என்று மனைவி எழுந்துவிட்டாள்.

"அதேதான். ஆனா அங்கே இல்லை. முட்டுக்காட்டுல."

* * *

கொஞ்சம் சரித்திரம் சொல்லிவிட்டு உங்களைப் படகில் ஏற்றுகிறேன். போரடித்தால் அடுத்த நட்சத்திரக் குறிக்குத் தாவிவிடலாம். ஆனால் இதில் பணம் சம்பந்தப்பட்டிருக்கிறது. தாவ மாட்டீர்கள் என்று தெரியும்.

கடல் பக்கத்திலேயே இருக்கும்போது எதற்காக ஸார் கடலுக்குப் பக்கவாட்டில் ஒரு கால்வாய்?

அன்றைய மெட்ராஸில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்கு வராமல் தூரத்திலேயே நிற்கும். மசூலா படகில்தான் சரக்கை ஏற்றி இறக்க வேண்டும். அலை சரியில்லை என்றால் சரக்கும் போச்சு, ஆளும் போச்சு. மழைக்காலத்தில் சின்னப் படகுகள் கடலில் இறங்கவே முடியாது. ரோடு? மாட்டு வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டால் மாட்டுக்குப் பதில் வண்டிக்காரர் இழுக்க வேண்டும்.

ஆனால் இந்தக் கடற்கரைக்கு இயற்கை ஒரு வசதி செய்து வைத்திருந்தது. கடலை ஒட்டி உள்பக்கமாக நீளநீளமாய் உப்பங்கழிகள். எண்ணூரில் ஒன்று, பழவேற்காட்டில் ஒன்று, கோவளத்தில் ஒன்று என்று வரிசையாக இருக்கின்றன. நடுவில் உள்ள மேட்டை வெட்டி ஒன்றோடொன்று சேர்த்துவிட்டால் புயலுக்குப் பயப்படாமல் சரக்குப் படகு விடலாம். தண்ணீருக்கும் செலவில்லை. கடல் ஏறும்போது கழிமுகம் வழியாகத் தானாக உள்ளே வரும்.

இதை முதலில் கணக்குப் போட்டவர் பாசில் கோக்ரேன் என்ற வெள்ளைக்கார வியாபாரி. 1806-ல் மெட்ராஸிலிருந்து எண்ணூர் வரைக்கும் கால்வாய் வந்தது. போகிற வருகிற படகுகளிடம் சுங்கம் வசூல். அதாவது இன்றைக்கு ஹைவேயில் நாம் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டுகிறோமே, அந்த டோல்கேட்டின் கொள்ளுத் தாத்தா! பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் கோக்ரேன் பேசின் ரோடு என்று இருக்கிறதல்லவா? அந்தப் பெயர் இந்தப் புண்ணியவானுடையதுதான். பிறகு 1837-ல் சர்க்கார் கால்வாயை எடுத்துக்கொண்டது. வடக்கே கொஞ்சம், தெற்கே கொஞ்சம் என்று துண்டு துண்டாக நீண்டுகொண்டே போனது.

நடுவில் ஒரே ஒரு துண்டு பாக்கி. கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே, நகரத்துக்குள்ளேயே, சுமார் எட்டு கிலோமீட்டர். அதை வெட்டியது 1877-78-ல். அப்போது கவர்னராக இருந்தவர் பக்கிங்காம் பிரபு. முழுப் பெயர் ரிச்சர்ட் பிளான்டாஜெனட் கேம்ப்பெல் டெம்பிள்-நுஜென்ட்-பிரிட்ஜஸ்-சாண்டோஸ்-கிரென்வில். நல்லவேளை, அந்தக் காலத்தில் ஆதார் கார்டு இல்லை. அவர் பெயரையே மொத்தக் கால்வாய்க்கும் வைத்துவிட்டார்கள்.

எட்டு கிலோமீட்டர் வெட்டினதற்கு 420 கிலோமீட்டருக்குப் பெயர். உங்கள் ஆபீஸில் ஃபைலைப் புரட்டிப் புரட்டி எல்லாம் செய்தவர் ஒருத்தர், கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டவர் ஒருத்தர் என்று இருக்கிறதே, அந்த வழக்கம் நேற்று வந்ததில்லை என்று தெரிகிறதா?

* * *

முட்டுக்காடு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாலத்துக்குப் பக்கத்தில் படகுத்துறை. 1984-லிருந்து இங்கே படகு விடுகிறார்கள். மிதிபடகு, துடுப்புப் படகு, மோட்டார் படகு என்று தினுசு தினுசாக உண்டு. கட்டணத்தை எழுதப் போவதில்லை. இதழ் அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் மாறிவிட்டால் என் மேல் பாய்வீர்கள்.

லைஃப் ஜாக்கெட் கட்டாயம். ஆரஞ்சு கலர். மாமனார் அதை வேஷ்டி மேல் மாட்டிக்கொண்டு நின்றது, கட்சி மாறிய வட்டச் செயலாளர் மாதிரி இருந்தது.

"எனக்கெதுக்கும்மா இது? நான் அந்தக் காலத்துல மெரினால நீச்சலடிச்சவன்" என்றார்.

"அது அந்தக் காலம்ப்பா. இப்ப பிரஷர் மாத்திரை சாப்பிடறீங்க" என்று மனைவி கட்டி முடித்துவிட்டாள்.

மோட்டார் படகு கிளம்பியது. நம்புங்கள், மூக்குக்கு ஒரு வேலையும் இல்லை. கடலின் வாய் பக்கத்திலேயே இருப்பதால் உப்புத் தண்ணீர் வருவதும் போவதுமாக இருக்கிறது. தூரத்தில் ஆழமில்லாத இடத்தில் கொக்குகள் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, மீன் எப்போது வரும் என்று கவுன்ட்டர் திறக்கக் காத்திருக்கும் பென்ஷன்தாரர்கள் போலப் பொறுமை காத்தன. காற்று என்றால் அப்படி ஒரு காற்று.

அந்தக் காற்றில்தான் மச்சினனின் தொப்பி பறந்தது. ஏதோ வெளிநாட்டு பிராண்ட். வெனிஸில் போட்டுக்கொள்ள வேண்டியது. தலையிலிருந்து கிளம்பி, ஒரு வட்டம் அடித்து, தண்ணீரில் இறங்கி, நிதானமாகத் தெற்கே புறப்பட்டது.

"அண்ணே, படகைத் திருப்புங்கண்ணே!"

படகுக்காரர் திரும்பிப் பார்த்தார். ஐம்பது வயசிருக்கும். "விடு தம்பி. அது மாபல்லிபுரம் போவுது. நீ கார்ல போய்ப் புடிச்சிக்கோ" என்றார் முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

"நெஜமாவே மகாபலிபுரம் போகுமா?" என்றாள் மகள்.

"போவும் பாப்பா. அதோ பாரு, வடக்கால தெரியுதே, அது மெட்ராஸ்லேந்து வர்ற கெனாலு. இந்தக் கழியில வந்து சேந்து, மறுக்கா அந்தப் பக்கமா இறங்கித் தெக்கால மாபல்லிபுரம் போவுது. அப்பால மரக்காணம். எங்க தாத்தா இந்தத் தண்ணியில தோணி தள்ளினவருதான். சவுக்குக் கட்டையை ஏத்திக்கினு மெட்ராஸுக்குப் போவாராம்."

"மோட்டார்லயா?"

"மோட்டாரு ஏது? காத்து இருந்தா பாயி. இல்லாங்காட்டி ஒருத்தரு உள்ள நின்னு கழி ஊனுவாரு. ரெண்டு பேரு கரையில நடந்துக்கினே கயித்தைப் புடிச்சு இழுப்பாங்கோ. தோள்பட்டையில தழும்பே இருக்கும் எங்க தாத்தாவுக்கு."

மச்சினன் தொப்பியை மறந்துவிட்டான். செல்போனையும் உள்ளே வைத்துவிட்டான். நான் பார்த்து ரொம்ப நாளான காட்சி அது.

* * *

எதிர்பாராமல் பேச ஆரம்பித்தவர் மாமனார்தான்.

"மாப்பிள்ளே, நான் இதுல படகு பாத்திருக்கேன். இங்கே இல்லே. மயிலாப்பூர்ல."

அவருக்கு இப்போது எழுபதை நெருங்குகிற வயசு. சொன்னது ஏழெட்டு வயசுக் கதை. அறுபதுகளின் ஆரம்பம். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பாலத்துக் கைப்பிடிச் சுவரில் வயிற்றை வைத்து எட்டிப் பார்ப்பார்களாம். கீழே தட்டையான அடி வைத்த நீளமான தோணிகள் போகும். சில நாள் விறகு, சில நாள் வைக்கோல். தோணிக்குள்ளேயே அடுப்பு வைத்துச் சமைத்துக்கொண்டு போவார்களாம். மேலே இருந்து பசங்கள் 'ஓய்...' என்று கத்தினால் கீழே இருந்தும் ஒரு 'ஓய்' வருமாம்.

மயிலாப்பூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் சொல்கிறேன். உங்கள் ஊரில் தண்ணித்துறை மார்க்கெட் என்று ஒரு பெயர் புழங்குகிறதே, எந்தத் தண்ணி, எந்தத் துறை என்று யோசித்ததுண்டா? கால்வாயில் படகில் வந்த காய்கறி இறங்கிய துறை அது. பேசின் பிரிட்ஜ் என்பதில் இருக்கிற 'பேசின்' கை கழுவுகிற பேசின் இல்லை. படகுகள் வந்து நின்று சரக்கு இறக்கின அகலமான தண்ணீர்த் தொட்டி. கால்வாய் செத்தாலும் பெயர்கள் மட்டும் பஸ் போர்டில் உயிரோடு இருக்கின்றன.

"அப்புறம் ஏன் தாத்தா நின்னு போச்சு?"

மாமனார் என்னைப் பார்த்தார். பி.காம். பதில் சொல்லட்டும் என்று அர்த்தம்.

முதல் அடி ரயில். 1899-ல் மெட்ராஸிலிருந்து விஜயவாடாவுக்கு ரயில் பாதை வந்துவிட்டது. தோணி நாள் கணக்கில் போகிற தூரத்தை ரயில் ஒரே ராத்திரியில் போனால், வியாபாரி யாரிடம் போவான்? அவசரமில்லாத சரக்கு மட்டும் தோணிக்கு மிஞ்சியது. விறகு, உப்பு, வைக்கோல். இரண்டாவது அடி லாரி. மூன்றாவது, 1965, 1966 புயல்கள். கரை உடைந்து மணல் மூடியது. தூர் வாருகிற செலவு, வருகிற சுங்கத்தை விட அதிகமானால் எந்தக் கம்பெனியும் ஷட்டரை இறக்கத்தானே செய்யும்? நகரத்துக்குள்ளே இருந்த பகுதிக்கு நாமே சாக்கடையைத் திருப்பி விட்டோம். அதற்குப் பிறகு பறக்கும் ரயிலின் தூண்கள். 1995-ல் கடற்கரை ஸ்டேஷனிலிருந்து சேப்பாக்கம் வரை, 1997-ல் மயிலாப்பூர் வரை, 2007-ல் வேளச்சேரி வரை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நம்ம பக்கிங்காம் பிரபு மெட்ராஸுக்கு வருவதற்கு முன்னால் இங்கிலாந்தில் என்ன உத்தியோகம் பார்த்தார் தெரியுமா? 1853 முதல் 1861 வரை லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வே கம்பெனியின் சேர்மன்! ரயில்காரர் பெயரைக் கால்வாய்க்கு வைத்தார்கள். கடைசியில் கால்வாயின் தலைக்கு மேலேயே ரயில் வந்து உட்கார்ந்துகொண்டது. பெயர்ப் பொருத்தம் பார்க்காமல் வைத்தால் இப்படித்தான்.

* * *

சவாரி முடிந்து, வெயிலுக்கு ஒதுங்கி, மனைவி கட்டிக்கொண்டு வந்த புளியோதரையைப் பிரித்தோம். அப்போதுதான் மகள் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"இவ்ளோ பெருசா யாருப்பா தோண்டினாங்க?"

சாப்பிடுகிற நேரத்தில் சொல்ல வேண்டிய விஷயம் இல்லை. ஆனால் கேட்டுவிட்டாள்.

1876-லிருந்து 1878 வரை மெட்ராஸ் ராஜதானியில் பெரும் பஞ்சம். நம் பாட்டிகள் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்வார்களே, அதுதான். மழை பொய்த்தது. விலை ஏறியது. நெல் இருந்த இடத்திலிருந்து ரயிலில் ஏறிப் போனது, பசித்தவன் இருந்த இடத்துக்கு வரவில்லை. தென்னிந்தியாவிலும் பம்பாய்ப் பக்கத்திலும் சேர்த்து ஐம்பது லட்சம் பேருக்கு மேல் செத்திருப்பார்கள் என்பது சரித்திரக்காரர்களின் கணக்கு. கிராமங்களைக் காலி செய்துவிட்டு ஜனங்கள் மெட்ராஸைப் பார்த்து நடந்தார்கள்.

சும்மா சோறு போட்டால் சோம்பேறி ஆகிவிடுவார்கள் என்பது சர்க்கார் சித்தாந்தம். அதனால் வேலை கொடுத்தார்கள். அந்த வேலைகளில் ஒன்றுதான் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே இந்தக் கால்வாயை வெட்டுவது.

கூலி எவ்வளவு? கல்கத்தாவிலிருந்து வைஸ்ராய், செலவைக் குறைக்கச் சொல்லி ஒரு அதிகாரியை அனுப்பினார். அவர் பெயர் ஸர் ரிச்சர்ட் டெம்பிள். (கவர்னர் பெயரிலும் ரிச்சர்டும் டெம்பிளும் உண்டு. குழப்பிக்கொள்ளாதீர்கள், இவர் வேறு.) 1877-ல் அவர் வெட்டிய கணக்கு, பஞ்ச நிவாரண வேலை செய்கிற ஆம்பளைக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதோடு கொஞ்சம் சில்லறை. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதிலும் குறைச்சல். ஒரு பவுண்டு என்றால் 453 கிராம்.

மெட்ராஸ் சர்க்காரில் சுகாதார கமிஷனராக இருந்த கார்னிஷ் என்ற டாக்டர், 'மண் சுமக்கிறவனுக்கு இது போதவே போதாது' என்று எழுதி எழுதிப் போராடினார். கவர்னர் தரப்புக்கும் வைஸ்ராய் தரப்புக்கும் இழுபறி. சில மாதம் கழித்துக் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தார்கள். ஃபைல் நகர்ந்துகொண்டிருந்த அந்தச் சில மாதமும் மண்ணும் நகர்ந்துகொண்டுதான் இருந்தது.

மனைவி டப்பாவைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "நாள் பூரா மண்வெட்டி பிடிக்கறவனுக்கு அரைக் கிலோ கூட இல்லையா? அதுல அவன் பொண்டாட்டி பிள்ளைக்கு என்ன மிஞ்சும்?"

அவள் ரேஷன் கார்டைப் பார்த்தே மாதக் கணக்கை முடிக்கிறவள். அந்தக் கேள்விக்கு பி.காமில் பதில் சொல்லித் தரவில்லை.

மகள் தட்டில் ஒரு பருக்கை விடவில்லை. நாங்கள் யாரும் சொல்லாமலேயே.

* * *

திரும்பி வரும்போது மச்சினன், "மாமா, திரும்பவும் படகு விட முடியாதா?" என்று கேட்டான்.

முடியும் என்றுதான் 2008-ல் சட்டம் போட்டார்கள். காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரைக்குமான கால்வாய்களை, கோதாவரி, கிருஷ்ணா ஆறுகளின் பகுதிகளோடு சேர்த்துத் தேசிய நீர்வழி எண் 4 என்று அறிவித்தார்கள். காகிதத்தில் படகு நன்றாகவே ஓடும். சின்ன வயசில் நாமே விட்டிருக்கிறோம்.

ஆனால் இதை வெறும் சாக்கடை என்று கணக்கை முடித்துவிடாதீர்கள். 2004 டிசம்பர் 26 ஞாபகம் இருக்கிறதா? சுனாமி வந்த அன்று கடல் நீர் கரையைத் தாண்டி உள்ளே வந்தபோது, பல இடங்களில் இந்தக் கால்வாய் அதை வாங்கிக்கொண்டது. பெத்தகஞ்சாமிலிருந்து சென்னை வரை கால்வாய் விளிம்பு வரை நிரம்பியதையும், கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கடலுக்கே திரும்பியதையும், அதனால் உயிர்கள் தப்பியதையும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். பெருமழை பெய்தால் நகரத்துத் தண்ணீரைக் கடலுக்குக் கொண்டு சேர்க்கிற வேலையும் இதற்குத்தான். குறுகிப் போய், குப்பையை விழுங்கி, தலையில் ரயிலைச் சுமந்துகொண்டு அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. நம்மில் எத்தனை பேர் ஆபீஸில் இத்தனை இடைஞ்சலில் இவ்வளவு வேலை பார்க்கிறோம்?

பாரதிதாசன் நண்பர்களோடு இந்தக் கால்வாயில் படகேறி மாமல்லபுரம் போயிருக்கிறார். அதைப் பாட்டாகவும் எழுதியிருக்கிறார். தலைப்பு 'மாவலிபுரச் செலவு'. முதன்முதலாக அந்தத் தலைப்பைப் பார்க்கிற பி.காம். காரன் எவனும் வவுச்சர் எங்கே என்றுதான் தேடுவான். பழைய தமிழில் செலவு என்றால் பயணம். செல்வது செலவு. எவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கிறார்கள் பாருங்கள்! குடும்பத்தோடு எங்கே போனாலும் இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது.

எங்கள் முட்டுக்காட்டுச் செலவையும் ராத்திரி நோட்டில் எழுதினேன். பெட்ரோல், படகு, இளநீர் ஐந்து, மகளுக்கு ஐஸ்கிரீம். தொப்பியை மச்சினன் சொந்தக் கணக்கில் தள்ளியாகிவிட்டது. மனைவி தணிக்கை செய்து கையெழுத்துப் போட்டாள்.

ஆனால் அந்தக் கால்வாயின் சொந்தக் கணக்கு மட்டும் எப்படிக் கூட்டினாலும் டாலியாகவில்லை. கோக்ரேன் போட்ட முதலுக்கு ஒரு ரோட்டின் பெயர் கிடைத்துவிட்டது. பிரபுவுக்கு 420 கிலோமீட்டர் கிடைத்துவிட்டது. சர்க்காருக்குச் சுங்கம், ரயில்வேக்கு இடம், நமக்கு வடிகால். எல்லோருக்கும் வரவு. பொறுப்புகள் பக்கத்தில், 'கொடுபட வேண்டிய கூலி' என்ற ஒரு வரிதான் 1877-லிருந்து அப்படியே நிற்கிறது. வாங்க வேண்டியவர்களின் பெயர்ப் பட்டியல் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

அசலை நம்மால் அடைக்க முடியாது ஸார். வட்டிக்குச் சுலபமான தவணை ஒன்று இருக்கிறது. ரயிலில் பக்கத்து சீட்காரர் கீழே பார்த்து 'கூவம்' என்றால், 'இல்லீங்க, பக்கிங்காம் கால்வாய். ஒரு பவுண்டு அரிசிக்கு வெட்டினது' என்று திருத்துங்கள்.

மூக்கைப் பொத்திக்கொண்டே சொல்லலாம். தப்பில்லை.